ஒரு சீட்டு காப்பாற்றிய கால்வாய்

ஆங்கிலப் பாடத்தில் நாம் ஷேக்ஸ்பியரைப் படிக்கிறோம். அவர் பிறந்த ஊர் ஸ்ட்ராட்போர்டு என்பதும், அவ்வூர் ஏவன் ஆற்றங்கரையில் உள்ளது என்பதும் நாம் அறிந்தவையே. ஆனால் அவ்வூருக்குள் ஒரு கால்வாயும் வந்து சேர்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம். ஷேக்ஸ்பியரும் அறியார். அவர் மறைந்தது 1616-ல். கால்வாய் அவ்வூரை எட்டியது 1816-ல். சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து!

அந்தக் கால்வாய் பிற்காலத்தில் கைவிடப்பட்டு, சேறும் கோரையுமாய்த் தூர்ந்து கிடந்தது. மூடிவிடுவது என்று மேலிடத்தில் ஏறக்குறைய முடிவும் ஆகிவிட்டது. பிறகு 1964-ஆம் ஆண்டில் அது மீண்டும் படகுகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இவ்வாண்டு எங்கள் வரலாற்று மன்றத்தில் பாடமாக எடுத்துப் படித்தோம். படித்ததை இங்கே எல்லோருடனும் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கால்வாய் என்றதும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால்தான் நம் நினைவுக்கு வரும். இது அவ்வகையன்று. படகு செல்வதற்கென்றே மனிதர் வெட்டிய நீர்ச்சாலை இது. சென்னை வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாயும் படகுக்காக வெட்டப்பட்டதுதான். விறகும் உப்பும் அதில் படகேறி வந்த கதையை நம் வீட்டுத் தாத்தா பாட்டிகள் சிலர் சொல்லக் கேட்டிருப்போம். இங்கிலாந்தில் இரயில் வருவதற்கு முன், நிலக்கரி, சுண்ணாம்புக்கல், தானியம் ஆகியவற்றை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக இத்தகைய கால்வாய்களே வழி. கரையோரம் நடக்கும் ஒரு குதிரை, மண்சாலையில் வண்டி கட்டி இழுக்கக்கூடிய பாரத்தைப்போல் பல மடங்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டு இழுத்துவிடும்.

ஸ்ட்ராட்போர்டு கால்வாய்க்குப் பாராளுமன்றம் இசைவு தந்தது 1793-ல். பர்மிங்காமை அடுத்த கிங்ஸ் நார்ட்டனில் வேலை தொடங்கிற்று. நடுவழியில் உள்ள கிங்ஸ்வுட்டை அடையவே 1802 ஆகிவிட்டது. பணம் தீர்ந்து வேலை நின்றது. மீதி 13 மைலை வெட்டி முடிக்கக் காரணமாயிருந்தவர் வில்லியம் ஜேம்ஸ் என்னும் செல்வந்தர். இவரைப்பற்றி ஒரு வேடிக்கை உண்டு. கால்வாயை முடித்துவைத்த இதே மனிதர், இங்கிலாந்தில் இரயில் பாதைகள் வரவேண்டும் என்று முதன்முதலில் ஊர் ஊராய்ப் பேசித் திரிந்தவர்களுள் ஒருவர். பின்னால் கால்வாயின் வாழ்வைப் பறித்தது அந்த இரயில்தான்.

இந்தத் தென்பகுதி 13 மைலில் பணச் சிக்கனத்துக்காகச் செய்த சில ஏற்பாடுகள் மிக அழகியவை. கால்வாயின் மேலுள்ள சிறு பாலங்கள் பலவற்றில் இரு பாதிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இருபுறமிருந்தும் இரும்புக் கைகள் நீண்டு வந்து, நடுவே சில விரற்கடை இடைவெளி விட்டு நின்றுவிடும். படகை இழுக்கும் கயிறு அந்த இடைவெளியில் நழுவிப் போகும். குதிரையை அவிழ்த்துக் கட்ட வேண்டியதில்லை. பாலத்தின் அடியில் குதிரைக்குத் தனிப்பாதை அமைக்கும் செலவும் மிச்சம். லாக் காவலர் வீடுகளின் கூரையோ, பீப்பாயைப் படுக்கவைத்தாற்போல் வளைந்திருக்கும். பாலம் கட்டிப் பழகிய கொத்தர்கள் வீட்டுக்கும் அதே வளைவைப் போட்டுவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. எட்ஸ்டோன் என்னுமிடத்தில் சாலை, ஓடை, இரயில் பாதை மூன்றையும் தாண்டி, 475 அடி நீளமுள்ள இரும்புத் தொட்டியில் கால்வாய் வானத்தில் நடக்கிறது. இங்கிலாந்து நாட்டில் இத்தகைய நீர்ப்பாலங்களுள் இதுவே மிக நீளமானது. நீராவி எஞ்சின்கள் ஓடிய நாளில், கீழே நிற்கும் எஞ்சினுக்கு மேலேயுள்ள கால்வாயிலிருந்து குழாய் வழியே தண்ணீர் பிடித்தார்களாம். கால்வாயைப் பட்டினி போட்ட இரயிலுக்கு அந்தக் கால்வாயே தாகம் தீர்த்தது!

லாக் என்று மேலே குறிப்பிட்டோம். அதை விளக்காமல் மேலே செல்ல இயலாது. தண்ணீர் மேடேறாது, ஆனால் படகு மேடேற வேண்டும். ஆகவே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே கல்லாலான ஒரு நீள்சதுரத் தொட்டி கட்டி, இரு முனையிலும் கனத்த ஓக் மரக் கதவுகள் வைக்கிறார்கள். இதுவே லாக். படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, மேல்முனையிலுள்ள சிறு பலகைகளைக் கைப்பிடியால் சுழற்றித் தூக்குவார்கள். மேல்மட்டத்துத் தண்ணீர் உள்ளே பாயும். படகு மெல்ல மெல்ல உயரும். உள்ளும் வெளியும் தண்ணீர் ஒரே மட்டமானதும் மேல்கதவு எளிதில் திறக்கும். இறங்குவதற்கு இதனையே திருப்பிச் செய்ய வேண்டும். எஞ்சினும் இல்லை, மின்சாரமும் இல்லை. எல்லாம் தண்ணீரின் எடையும் மனிதரின் தோள்வலியும்தான்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு கணக்கு. இக்கால்வாயின் லாக் ஒன்று ஏறக்குறைய 72 அடி நீளம், 7 அடி அகலம். ஏற்றம் 6 அடி என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நிரப்ப 3,024 கன அடி தண்ணீர் வேண்டும். அதாவது சுமார் 85,000 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏழு லாரி! ஒரு படகு ஒரு லாக்கைக் கடக்க இவ்வளவு தண்ணீர் கீழே இறங்கிப் போகிறது. வில்ம்கோட் என்ற ஊரருகே மட்டும் இத்தகைய லாக்குகள் 11 வரிசையாக நிற்கின்றன.

கைவிடப்பட்ட கால்வாய் ஏன் இவ்வளவு விரைவில் பாழாகிறது என்று எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வெட்டிய பள்ளம் பள்ளமாகத்தானே இருக்கும்? இல்லை. கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிதித்து, கனமாகப் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்வரை ஒரு சொட்டும் ஒழுகாது. தண்ணீர் வற்றி வெயில் பட்டால், கோடையில் நம் ஏரிப் படுகை வெடிப்பதுபோல் வெடித்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மண் குடித்துவிடும். ஓக் கதவும் அப்படியே. நனைந்தபடி இருந்தால் பல்லாண்டு உழைக்கும். நனைவதும் காய்வதுமாக இருந்தால் உளுத்துப்போகும். படகுகள் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றின் அசைவே கோரையை வளரவிடாமல் தடுக்கும். ஓட்டம் நின்றால் இரண்டு மூன்று கோடைகளில் கரைக்குக் கரை பச்சையாகிவிடும்.

இக்கால்வாயை 1856-ல் ஓர் இரயில் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. போட்டியாளனின் கைக்குப் போன கடையின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. சரக்குப் படகுகள் ஆண்டுக்காண்டு குறைந்தன. 1930-களில் தென்பகுதியில் அவை அடியோடு நின்றன. 1948-ல் நாட்டின் இரயில்களோடு பெரும்பாலான கால்வாய்களும் அரசுடைமையாயின. அப்போது பலர் கண்ணுக்கு இவை வெறும் குப்பைக்குழிகளாகவே தெரிந்தன. குழந்தைகள் விழுந்துவிடுவார்கள், கொசு மொய்க்கிறது, மண்ணைப் போட்டு மூடுங்கள் என்று பேசினார்கள். அவர்கள் பேச்சில் நியாயமே இல்லை என்று நாம் தள்ளிவிட முடியாது. குடியிருப்புக்கு நடுவே நாறும் நீர்நிலை எப்படிப்பட்ட தொல்லை என்பதை நாமும் அறிவோம்.

இனிப் போராட்டத்துக்கு வருவோம்.

எல்.டி.சி. ரோல்ட் என்பவர் ஒரு பொறியாளர். 'கிரெஸி' என்னும் படகையே வீடாக்கிக்கொண்டு வாழ்ந்தவர். தம் கால்வாய்ப் பயணத்தை 1944-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதைப் படித்த ராபர்ட் ஐக்மன் என்னும் எழுத்தாளர் அவரைத் தேடி வந்தார். இருவரும் மற்றும் சில நண்பர்களும் சேர்ந்து 1946-ல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

ஸ்ட்ராட்போர்டு கால்வாயின் வடபகுதியில், லிஃபர்டு லேன் என்னுமிடத்தில் முன்பு தூக்கிவிடும் பாலம் ஒன்று இருந்தது. அது பழுதானபோது, 1940-களில், இரயில் கம்பெனி அதன் இடத்தில் அசையாத தாழ்ந்த பாலத்தைப் போட்டுவிட்டது. படகு அதனடியில் நுழைய முடியாது. ஆனால் சட்டப்படி அக்கால்வாயில் படகு செல்லும் உரிமை ஒழியவில்லை. இதுபற்றிப் பிரபுக்கள் சபையில் கேள்வி எழுந்தது. முன்கூட்டியே அறிவித்துவிட்டு யார் படகோடு வந்தாலும் பாலத்தைத் தூக்கிக் கொடுப்போம் என்று பதில் வந்தது. யாரும் வரப்போவதில்லை என்ற துணிவில் சொன்ன பதிலாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. ரோல்ட் உடனே அறிவித்தார். 1947 மே மாதத்தில் 'கிரெஸி' வந்து நின்றது. இரயில்வே ஆட்கள் ஜாக்கிகளை வைத்துப் பாலத்தை மேலே தூக்கினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. சேற்றிலும் குப்பையிலும் உராய்ந்துகொண்டு படகு மெல்ல அந்தப் பக்கம் போயிற்று. அதன்பின் சங்கத்தைச் சேர்ந்த மற்றவர்களும் தங்கள் படகுகளோடு வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் ஜாக்கி வைத்துத் தூக்கி அலுத்துப்போய், பின்னர் அங்கே திறந்து மூடும் பாலத்தையே அமைத்துவிட்டார்கள்.

தென்பகுதிக்கு வந்த ஆபத்து இதைவிடப் பெரியது. வில்ம்கோட் அருகே ஒரு சாலைப் பாலத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கால்வாய் உயிரோடு இருந்தால், படகு செல்லும் உயரம் விட்டுத்தான் பாலம் கட்ட வேண்டும், செலவு கூடும். கால்வாயே இல்லையென்றால் மண்ணைக் கொட்டிச் சாலை போட்டுவிடலாம். ஆகவே வார்விக்‌ஷயர் கவுண்ட்டி கவுன்சில், கால்வாயைச் சட்டப்படி கைவிட ஆணை கேட்டு 1958-ல் அரசுக்கு மனுச் செய்தது. இதற்கான பழைய சட்டம் 1888-ஆம் ஆண்டினது. மூன்று ஆண்டுகளாகப் படகுப் போக்குவரத்து இல்லாத கால்வாயைக் கைவிடலாம் என்பது அதில் கண்ட விதி. இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு படகும் போகவில்லை என்றார்கள் மனுதாரர்கள். பார்த்தவர் யாரும் அதை மறுத்திருக்க மாட்டார். கோரை மண்டிய அந்தச் சேற்றில் யார் படகு விடுவார்?

இருவர் விட்டிருந்தார்கள். 'கனூ' என்னும் சிறு தோணியில், கால்வாயின் தென்பகுதியில் துடுப்பு வலித்துச் சென்றிருந்தார்கள். அதோடு, முறைப்படி சுங்கம் கட்டித் தேதியிட்ட சீட்டும் வாங்கியிருந்தார்கள். அந்தச் சீட்டைத் தொலைக்கவும் இல்லை. விசாரணையில் அது சாட்சியாக வந்து நின்றது. பயணச் சீட்டைப் பேருந்திலிருந்து இறங்குமுன்பே கசக்கி எறிந்துவிடும் நம் வழக்கத்தை இங்கே நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

கட்டிய சுங்கம் மிகச் சிறிய தொகைதான். ஆனால் அதை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தவர்கள் யார்? கால்வாயை நிர்வகித்தவர்களே. இது படகு செல்லும் வழி என்று அவர்களே எழுதிக் கொடுத்ததாக அல்லவா ஆயிற்று! இந்தக் கதையில் எங்களை மிகவும் சிந்திக்கவைத்தது இந்த இடம்தான். பொதுவழி என்பது காகிதத்தில் எழுதிவைத்ததால் மட்டும் பொதுவழியாக நிலைப்பதில்லை. யாராவது ஒருவர் அதில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரோல்ட் அறிந்தே செய்ததும் இதுதான், அந்த இரு தோணிக்காரர்கள் செய்ததும் இதுதான். நம் ஊர்களில் வண்டிப்பாதையும் ஆற்றங்கரைப் பாதையும் எத்தனை, யாரும் நடக்காததாலேயே வேலிக்குள் போய்விட்டன!

கைவிடல் ஆணைக்கு 1959-ல் அரசு மறுத்துவிட்டது.

மறுத்தது சரி, ஆனால் கால்வாய் இன்னும் சேறாகத்தானே கிடக்கிறது? பழமையான மாளிகைகளையும் இயற்கை வளங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம், 1960-ல் இந்த 13 மைலைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. அதன் உறுப்பினரான ஜான் ஸ்மித் என்பவர் இதற்கு முன்னின்றார். திருத்தும் பொறுப்பு டேவிட் ஹட்சிங்ஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கட்டடக் கலைஞர். கால்வாய் கட்டிப் பழகியவர் அல்லர். அதுவே நன்மையாயிற்று என்பது எங்கள் எண்ணம். பழகியவர்களோ, இது ஆகாத காரியம் என்று முன்பே கைவிரித்திருந்தார்கள்.

1961 மார்ச்சில் வேலை தொடங்கிற்று. கூலிக்கு ஆள் வைக்கப் போதிய பணம் இல்லை. ஆகவே யார் வந்தாலும் ஹட்சிங்ஸ் சேர்த்துக்கொண்டார். வார இறுதியில் அலுவலகக்காரர்கள் வந்தார்கள். சாரணச் சிறுவர்கள் வந்தார்கள். இராணுவப் பொறியியல் படையினர் தங்கள் பயிற்சியாகவே இதைச் செய்து கொடுத்தார்கள். பர்மிங்காமில் உள்ள வின்சன் கிரீன் சிறையிலிருந்து கைதிகள் வந்தார்கள். முட்டளவு சேற்றில் நின்று, லாக்குகளின் அடியில் பல்லாண்டாகச் சேர்ந்த செங்கல்லையும் குப்பையையும் மண்வெட்டியால் வாரினார்கள். உளுத்த கதவுகளைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கதவுகளைப் பொருத்தினார்கள். இடிந்த சுவர்களைக் கட்டினார்கள். சிறைக்கதவுக்குள் இருந்தவர்கள் பகலெல்லாம் வெளியே வந்து கால்வாய்க்குக் கதவு போட்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் 13 மைலும், முப்பதுக்கு மேற்பட்ட லாக்குகளும் ஒழுங்காயின.

1964 ஷேக்ஸ்பியர் பிறந்த நானூறாவது ஆண்டு. ஊரே விழாக்கோலம் பூண்டிருந்தது. அவ்வாண்டு ஜூலை 11-ஆம் நாள் இராஜமாதா எலிசபெத் அம்மையார் வந்து கால்வாயைத் திறந்துவைத்தார்கள். நாடகசாலைக்கு அருகில், பேங்க்ராஃப்ட் தோட்டத்தின் நடுவிலுள்ள நீர்த்துறையில் படகுகள் திரண்டு நின்றன. பக்கத்திலேயே ஷேக்ஸ்பியரின் சிலை; அவரைச் சுற்றி ஹாம்லெட்டும் லேடி மக்பெத்தும் நிற்கிறார்கள்.

அதுவரை, தொண்டர்களைக் கொண்டு இவ்வளவு நீளமான கால்வாயைத் திருத்தலாம் என்று அந்நாட்டில் யாரும் காட்டியதில்லை. காட்டியபின் பிறரும் துணிந்தார்கள். ஹட்சிங்ஸ் தாமும் ஓய்ந்திருக்கவில்லை. ஸ்ட்ராட்போர்டிலிருந்து ஏவன் ஆற்றின் மேற்பகுதியில் அழிந்துபோன லாக்குகளை மீண்டும் கட்டி, 1974-ல் அதையும் திறக்கச் செய்தார். அதனால் கால்வாயிலிருந்து ஆறு, அதிலிருந்து செவர்ன் பேராறு, அங்கிருந்து வேறொரு கால்வாய் என்று நூறு மைலுக்கு மேற்பட்ட ஒரு வட்டம் முழுமையாயிற்று. நாடு முழுவதும் கால்வாய்த் தொண்டுக்குப் போகும் ஒரு மீட்புக் குழு 1970-ல் உருவாயிற்று. இன்றும் கோடை விடுமுறையில் இளைஞர்கள் அதன் முகாம்களில் ஒரு வாரம் தங்கிக் களிமண் மிதிக்கிறார்கள், செங்கல் அடுக்குகிறார்கள். பிரிஸ்டலையும் ரெடிங்கையும் இணைக்கும் 87 மைல் கென்னட்-ஏவன் கால்வாய் 1990-ல் திறந்தது. ஹடர்ஸ்ஃபீல்டு கால்வாய் 2001-ல் திறந்தது. இவற்றுக்கெல்லாம் ஆன காலம் பல பத்தாண்டுகள்.

திறப்பு விழாவோடு கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் ஸ்ட்ராட்போர்டு கால்வாயின் பிற்கால வரலாறு வேறு. கால்வாயைத் திருத்த ஓடிவந்த கூட்டம், திருத்தியபின் ஆண்டுதோறும் கரை கட்டவும் தூர் வாரவும் வருவதில்லை. நேஷனல் டிரஸ்டுக்குப் பராமரிப்புச் செலவு பெரும் சுமையாயிற்று. 1988-ல் கால்வாய் அரசின் நீர்வழி வாரியத்திடம் போய்ச் சேர்ந்தது. அந்த வாரியத்தின் பொறுப்புகளை 2012-ல் கால்வாய்-ஆறு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. இப்போது அந்த வழியே சரக்கு செல்வதில்லை. விடுமுறைக்காரர்களும், படகையே வீடாகக் கொண்டவர்களும், கரையோரம் நடப்பவர்களுமே வருகிறார்கள். பாலங்களின் நடுவிலுள்ள இடைவெளியில் நழுவிச் செல்லக் கயிறும் இல்லை, குதிரையும் இல்லை.

ஓக் கதவின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு. கைதிகளும் படைவீரர்களும் அன்று பொருத்திய கதவுகளின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. குளிர்காலத்தில் படகுகள் குறைந்திருக்கும் மாதங்களில், அங்கொன்றும் இங்கொன்றுமாக லாக்குகளை வற்றவைத்து, பழைய கதவைக் கிரேனால் தூக்கி எடுத்துவிட்டுப் புதிய கதவை இறக்குகிறார்கள். ஒவ்வொன்றையும் அந்த அந்த லாக்கின் அளவுக்குத் தனியே செய்ய வேண்டும். ஒன்றின் கதவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.